கவிழ்த்து வைத்த அரிதட்டு

கொழும்புத்துறை
12.09.1994

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சோமசேகரம் மாஸ்ரரிடம் கொடுத்துவிட்ட காதுப் பெட்டி கிடைத்து இரண்டு மாதமாகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான், மறைக்கவில்லை. "ரெண்டு கிழமையிலை பிள்ளைக்குக் கேக்கிற மிசினோடை வாறன்" என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனவர் நீங்கள். ஒரு வருடம் கழித்து மிசின் வந்தது. நீங்கள் வரவில்லை.

என்றாலும் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். பெட்டியை அருந்ததியின் சட்டைப் பையில் வைத்து, அதன் வயரைக் காதில் செருகியதும் பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள். முற்றத்தில் காகம் கத்தியது. கையை நீட்டி அதைக் காட்டினாள். பிறந்து ஐந்தரை வருடத்தில் அவள் முதன்முதலாகக் கேட்டது அந்தக் காகத்தைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று கிழமையில் பதினொரு சொல் பழகினாள். காகம், அம்மா, தண்ணி, பூனை என்று வாய் ஓயவில்லை. 'அப்பா' அதில் இல்லை. எதைக் காட்டிப் பழக்குவது?

பிறகு நீங்கள் வைத்துவிட்ட இரண்டு பற்றறியும் செத்தன. சண்டையென்று அரசாங்கம் இங்கே பற்றறி வரத் தடை போட்டிருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வெயிலில் காயவைத்தேன். துளை போட்டு உப்புத் தண்ணீர் விட்டேன். பக்கத்து வீட்டுக் கத்தரீனா அக்கா சொன்னபடி அவித்தும் பார்த்தேன். கடைசியில் அவவின் புருசன் வின்சன்ற் அண்ணை சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பெடல் மிதிக்க, நீங்கள் விட்டுப்போன டயோட்டைப் போட்டு டைனமோவிலிருந்து பெட்டிக்கு வயர் இழுத்தோம். கரண்ட் இல்லாத ஊரே அப்படித்தானே றேடியோ கேட்கிறது. சத்தம் வந்தது. ஆனால் இந்த வயதுப் பிள்ளையைக் கட்டின ஆட்டுக்குட்டி மாதிரி இருத்திவைக்க முடியுமா? துள்ளி எழும்பி ஓடுகிறாள். இரண்டு தரம் வயர் இழுபட்டுப் பெட்டிக்குள் இருக்கும் தகடு முறிந்தது. இரண்டு தரமும் நானே ஒட்டினேன். இன்னொரு தரம் தாங்காது.

பதினொன்றில் இப்போது ஏழு சொல்தான் மிச்சம். கேளாவிட்டால் மறந்துபோகிறாள். ஏழு வயதுக்குள் பேச்சுப் பிடிக்காவிட்டால் பிறகு கஷ்டம் என்று டாக்குத்தர் சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும்.

பத்மாசினி

வெள்ளவத்தை
25.10.1994

அன்பின் பத்மாவுக்கு,

உம்முடைய கடிதத்தைக் கடையிலேயே நின்று வாசித்தேன். முதலாளி "என்ன தில்லைநாதன், ஊரிலை ஏதும் மோசமோ?" என்று கேட்டார். "இல்லை, பிள்ளை காகம் எண்டு சொன்னவளாம்" என்றேன். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போன கிழமை மாஸ்ரர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு சேர்க்கிட் படம் கீறிக் கொடுத்துவிட்டேன். வழியில் சோதனைச் சாவடியில் அதைப் பார்த்துவிட்டு, குண்டு செய்கிற படமோ என்று அவரை ஒரு பகல் முழுக்க வெயிலில் இருத்தி, கடிதத்தைக் கிழித்து, ஆளையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறுபது வயது மனிதர். அவர் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே இனிப் படம் இல்லை. எல்லாவற்றையும் சொல்லாகவே எழுதுகிறேன். சமையல் குறிப்பு என்று நினைத்து வாசியும்.

வயர்தானே தொல்லை. வயர் இல்லாமல் கரண்ட் கொடுப்போம். சிரியாதேயும். பாயின் கீழே ஒரு பெரிய கம்பிச் சுருள், பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு சின்னச் சுருள். கீழே உள்ளது டைனமோக் கரண்டில் வேகமாகத் துடித்தால் மேலே உள்ளதில் கரண்ட் பிறக்கும். பிள்ளை பாயில் இருந்தபடி எந்தப் பக்கமும் திரும்பலாம், ஒன்றும் இழுபடாது.

நல்லூரில் நான் றேடியோ திருத்தின கடையில் என்னுடைய அலுமாரி பூட்டியிருக்கும். திறப்பு சாமிப் படத்துக்குப் பின்னால். மேல் தட்டில் பழைய மோட்டார்க் கம்பி, சிகரெட் பெட்டிக்குள் சுருளைத் துடிக்கவைக்கிற ரான்சிஸ்ரர் இரண்டு, டயோட்டுகள், ஒரு கொண்டென்சர். நாங்கள் மா அரிக்கிற அரிதட்டை எடுத்து, கம்பி வலையைக் கழற்றிவிட்டு மர வளையத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். அதில் முதலில் நாற்பது சுற்று. பிறகு அதன்மேல் அதே பக்கமாகப் பன்னிரண்டு சுற்று. எந்தப் பக்கம் என்று குழம்பாதேயும், நல்லூர்க் கோயிலில் வீதி வலம் வருகிற பக்கம். சின்னச் சுருளைப் பிளாஸ்ரிக் சவர்க்காரப் பெட்டியில் சுற்றும். தகரப் பேணியில் சுற்றினால் எல்லாம் பாழ். எந்த நுனியை எங்கே ஒட்டுவது என்று அடுத்த தாளில் இலக்கம் போட்டு எழுதியிருக்கிறேன். முதலில் பிள்ளையின் பெட்டியைக் கொடுக்காதேயும். சின்னச் சுருளில் ரோச் பல்ப் ஒன்றை மாட்டிப் பாரும். பல்ப் எரிந்தால் வென்றோம்.

நீர் தையல் மிசினையே கழற்றிப் பூட்டினவர். இது உம்மால் முடியும்.

தில்லைநாதன்

கொழும்புத்துறை
18.12.1994

அன்புள்ள அத்தானுக்கு,

பல்ப் எரியவில்லை.

நீங்கள் எழுதின தாளைப் பத்து நாள் வைத்து வாசித்தேன். அரிதட்டு வலையைக் கழற்றும்போது கத்தரீனா அக்கா, "உனக்கென்ன பிள்ளை விசரே, இனி மாவை எதாலை அரிக்கப்போறாய்?" என்று கேட்டா. வீதி வலம் வருகிற பக்கமாகவே, ஒரு சுற்றும் பிசகாமல் எண்ணி எண்ணிச் சுற்றினேன். நாற்பது முடிய விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. வெறுந்தட்டை நிமிர்த்தி வைக்கக்கூடாது என்று உங்கள் அம்மா பழக்கின பழக்கம், கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த நாள் மற்றப் பன்னிரண்டையும் சுற்றினேன். ஒட்டுகிற இரும்பைச் சிரட்டைக் கரியில் காய்ச்சிக் காய்ச்சி ஒட்டினேன். ஒரு ஒட்டுக்கு இரண்டு சிரட்டை. வின்சன்ற் அண்ணைக்குக் கடலுக்குப் போகத் தடை, கால் சும்மாதானே இருக்கிறது என்று மிதித்தார். அரை மணித்தியாலம் மிதித்தார். பல்பின் கம்பி சிவக்கக்கூட இல்லை. ரான்சிஸ்ரரைத் தொட்டுப் பார்த்தேன், பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடக்கிறது.

அருந்ததி சின்னச் சுருளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாயில் இருந்து என் முகத்தையே பார்த்தாள். ஏதோ நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு நாளும் தானே போய் அந்தப் பாயில் இருக்கிறாள்.

என்ன பிழை என்று எழுதுங்கள். ஐந்து சொல் மிச்சம்.

பத்மாசினி

வெள்ளவத்தை
20.01.1995

அன்பின் பத்மாவுக்கு,

கடிதம் நேற்றுத்தான் வந்தது. குளிர்ந்து கிடக்கிறது என்றால் ரான்சிஸ்ரர் செத்திருக்கும். சிகரெட் பெட்டியில் மற்றது இருக்கிறதல்லவா, அதை மாற்றும். ஒட்டும்போது அதன் கம்பிக் காலைக் குறட்டால் பிடித்துக்கொள்ளும், சூடு ஏறினால் அதுவும் செத்துவிடும். இருந்தது அந்த இரண்டுதான்.

சண்டை நின்றிருக்கிறது, பத்திரிகை எல்லாம் அதே கதை. மாசியில் நானே வருகிறேன். பன்னிரண்டு பற்றறியோடு வருகிறேன். எப்படியென்று கேளாதேயும்.

தில்லைநாதன்

கொழும்புத்துறை
04.04.1995

அத்தானுக்கு,

மாற்றினேன். எரியவில்லை. விரல் இரண்டும் வெந்ததுதான் மிச்சம்.

மாசி முடிந்தது, பங்குனியும் முடியப்போகிறது. பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு மூன்று தரம் பஸ் நிற்கும் இடம் வரை கூட்டிக்கொண்டு போனேன். மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் இறங்கினார்கள். "வருவார் பிள்ளை, பாதை அப்பிடி" என்று வின்சன்ற் அண்ணை சொல்கிறார். எனக்குத் தலையாட்டவும் அலுத்துப் போயிற்று. உங்களுக்கு வர விருப்பமில்லை என்றால் அதையாவது ஒழுங்காக எழுதலாம்.

மூன்று சொல்.

பத்மாசினி

வெள்ளவத்தை
22.05.1995

அன்பின் பத்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு முகமில்லை. என்றாலும் முழுவதையும் எழுதுகிறேன்.

மாசி பதினைந்தாம் திகதி புறப்பட்டேன். பற்றறி பன்னிரண்டையும் பால்மாப் பேணிக்குள் போட்டு மேலே மாவைக் கொட்டி மூடினேன். பெரிய கெட்டித்தனம் என்று நினைப்பு. சோதனையில் ஒரு ஆமிப் பெடியன் பேணியைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்துச் சிரித்தான். மா அவ்வளவு பாரமாயிருக்குமா? யாருக்குக் கொண்டு போகிறாய் என்று கேட்டு அடித்தார்கள். பிள்ளைக்குக் காது கேளாது என்று சொன்னேன். எல்லோரும் அப்படித்தான் ஏதாவது சொல்வார்களாம். இரண்டு மாதத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்தார்கள். முதலாளி ஆள்பிடித்து வெளியே எடுத்தபோது சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது, பாதையும் மூடிவிட்டது. உம்முடைய கடைசிக் கடிதம் கடை மேசை லாச்சிக்குள் கிடந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருடமும் இரண்டு தரம் புறப்பட்டு வவுனியாவரை வந்து திரும்பியிருக்கிறேன். ஊருக்கு வருகிற வழியில் கிளாலிக் கடலில் நேவி வள்ளத்தை மறித்துச் சுட்டது என்று கேட்டதும் கால் வரவில்லை. உமக்கு எழுதாமல் விட்டது அதைத்தான். விருப்பமில்லாமல் இல்லை பத்மா, பயம். என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டும்.

இப்போது பிழையைச் சொல்கிறேன். உள்ளே இருந்தபோது ஒரு நாள் சோறு தின்றுவிட்டு வெறும் கோப்பையைக் கவிழ்த்து வைத்தேன். பக்கத்தில் இருந்தவன் "ஏன் கவிட்டு வைக்கிறாய்?" என்று கேட்டான். "எங்கடை வீட்டிலை அப்பிடித்தான்" என்றேன். சொல்லி வாய் மூட முன்னம் உம்முடைய அரிதட்டு கண்ணுக்கு முன் வந்து நின்றது. முதல் நாள் நிமிர்ந்த தட்டில் வலமாகச் சுற்றினீர். அடுத்த நாள் கவிழ்ந்த தட்டில் வலமாகச் சுற்றினீர். தட்டை நிமிர்த்திப் பார்த்தால் அந்தப் பன்னிரண்டும் இடமாக ஓடும்! நாற்பது சுற்று துடிக்கத் தொடங்கும்போது 'ஓம், இன்னும்' என்று சொல்லவேண்டியது அந்தப் பன்னிரண்டு சுற்று. அது திரும்பிவிட்டதால் 'காணும், போதும், நில்' என்று சொல்கிறது. பிறகு எப்படித் துடிக்கும்? முதல் ரான்சிஸ்ரரும் செத்திருக்காது, நான்தான் கடிதத்தில் சாகடித்துவிட்டேன்.

அவிழ்க்க வேண்டாம். பன்னிரண்டு சுற்றின் இரண்டு நுனியையும் கழற்றி, இடம் மாற்றி ஒட்டும். அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. நான் அருகில் இருந்திருந்தால் மார்கழியிலேயே முடிந்திருக்கும்.

பிள்ளைக்கு எத்தனை சொல் மிச்சம் என்று எழுதும்.

தில்லைநாதன்

கொழும்புத்துறை
28.06.1995

அன்புள்ள அத்தானுக்கு,

எரிந்தது.

நுனி இரண்டையும் மாற்றி ஒட்டினேன். வின்சன்ற் அண்ணை பெடலில் காலை வைத்ததுதான் தாமதம், சின்னச் சுருளில் மாட்டின பல்ப், வேறு வயர் ஒன்றும் இல்லாமல், கத்தரீனா அக்காவின் கையில் எரிந்தது. அவ "யேசுவே" என்று பல்பைக் கீழே போட்டுவிட்டா. நல்லகாலம், பாயில் விழுந்ததால் உடையவில்லை. அரிதட்டு போனதைப் பற்றி அதற்குப் பிறகு அவ வாய் திறக்கவில்லை.

நீங்கள் உள்ளே இருந்த நாட்களில்தான் நான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறேன். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இங்கேயும் குண்டுக்காரப் பிளேன் வந்தால் எல்லோரும் பங்கருக்குள் ஓடுகிறோம். ஒருவரும் ஒருவரையும் பயந்தவன் என்று சொல்வதில்லை. என்றாலும் எனக்குக் கோபம் முழுக்க ஆறவில்லை. ஆறினால் எழுதுகிறேன்.

அருந்ததிக்குக் கேட்கிறது. அரிதட்டு வட்டத்துக்குள் இருந்தால் மட்டும். ஒரு முழம் தள்ளிப் போனால் ஒன்றுமில்லை. ஆகவே பாயைவிட்டு எழும்புகிறாளில்லை, சோறும் அங்கேதான். இன்னொரு குறை, பெட்டிக்குள் ஒரே இரைச்சல். என்னுடைய காதில் வைத்துப் பார்த்தேன். வண்டு மாதிரி 'ங்' என்று இரைகிறது. அண்ணை வேகமாக மிதித்தால் ஏறுகிறது, களைத்தால் இறங்குகிறது. அதற்கு மேலால்தான் நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. காகம் திரும்ப வந்துவிட்டது. தண்ணியும் வந்துவிட்டது.

ஒரு நாள் அரிதட்டைத் தொட்டுக் காட்டி "அப்பா. அப்பா செய்தது" என்றேன். பிள்ளை அதைத் தடவிக்கொண்டு "அப்பா" என்றாள். அன்று தொடக்கம் அவளுக்கு அரிதட்டுத்தான் அப்பா. நானும் திருத்தவில்லை. பெடல் நின்றதும் பாயில் இருந்தபடியே கண்ணை மூடி, தொண்டையால் அதே இரைச்சலை ஏற்றி இறக்கி இரைகிறாள். பயம் வந்தாலும் அதுதான், நித்திரை வந்தாலும் அதுதான். பார்க்கிறவர்கள் பிள்ளைக்கு ஏதோ பிடித்துவிட்டது என்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரைச்சலைப் போக்க ஒரு வழி எழுதுங்கள்.

பத்மாசினி

வெள்ளவத்தை
30.08.1995

அன்பின் பத்மாவுக்கு,

அரிதட்டு அப்பா எழுதிக்கொள்வது.

பல்ப் எரிந்த இடத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று கணக்கில்லை. கடையில் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வருடமாக நான் இங்கே எத்தனை பேருடைய ரீவியைத் திருத்தியிருக்கிறேன், ஒன்றும் இதற்கு ஈடில்லை.

இரைச்சலுக்கு மருந்து இருக்கிறது. டைனமோவின் கரண்ட் அலை அலையாக வருகிறது, அந்த அலைதான் கேட்கிறது. பெரிய கொண்டென்சர் ஒன்று வைத்தால் அலை அடங்கிவிடும். புதிது இங்கே பத்து ரூபாய்ச் சாமான், அனுப்ப வழியில்லை. ஆனால் நல்லூர் அலுமாரிக்குக் கீழே கனகலிங்கத்தார் திருத்தத் தந்த பழைய வால்வு றேடியோ கிடக்கிறது. அதற்குள் பெருவிரல் தடிப்பில் ஒரு வெள்ளிக் குழாய் இருக்கும். அதைக் கழற்றி, அதில் கூட்டல் குறி போட்ட கம்பிக் காலை டயோட்டின் பக்கமாக வைத்து ஒட்டும். இந்த முறை கவிழ்க்காதேயும்.

இரைச்சல் போனால் பிள்ளைக்குக் குரல் தெளிவாக விளங்கும். அப்பா என்றால் யார் என்று அப்போது சொல்லும். அவசரமில்லை.

தில்லைநாதன்

கொடிகாமம்
19.11.1995

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று ஒக்ரோபர் கடைசியில் இயக்கத்துக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஆமி கிட்ட வந்துவிட்டதாம். விடியச் சைக்கிளில் அரிசிப் பையும் உடுப்பும் கட்டினேன். அருந்ததியைக் கரியரில் ஏற்றினால் அரிதட்டுக்கும் சேர்க்கிட் பலகைக்கும் இடமில்லை. பலமுறை கட்டிப் பார்த்தேன். அரிசியை இறக்கவா? பிள்ளையை இறக்கவா? அரிதட்டையும் பலகையையும் பாயோடு சேர்த்து அறைக்குள் வைத்துவிட்டு வந்தேன். கவிழ்த்துத்தான் வைத்தேன்.

பிள்ளை அரியாலை வரைக்கும் "அப்பா, அப்பா" என்று திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதாள். றோட்டில் வந்த சனம் தகப்பன் செத்துப்போனார் என்று நினைத்துவிட்டது. ஒரு கிழவர் "தகப்பனை எப்ப பறிகுடுத்தனீங்கள், பிள்ளை?" என்று என்னிடம் கேட்டு, தன் பையிலிருந்த விசுக்கோத்தை அவளிடம் கொடுத்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓரடி நகர ஒரு மணித்தியாலம் பிடித்தது. மழை. பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது, சைக்கிள் சரிந்தது. நிமிர்த்திப் பார்க்கிறேன், கரியரில் பிள்ளை இல்லை. "அருந்ததி, அருந்ததி" என்று குழறினேன். பக்கத்தில் நின்ற பெண், "விடாமல் கூப்பிடுங்கோ அக்கா, பிள்ளை சத்தம் கேட்டு வரும்" என்றா. "பிள்ளைக்குக் காது கேளாது" என்றேன். அத்தான், கூப்பிட்டால் வராத பிள்ளையை அவ்வளவு சனத்துக்குள் எதைக்கொண்டு தேடுவது? என்னால் கத்தத்தான் முடிந்தது. கத்தியும் பிரயோசனமில்லை என்று தெரிந்துகொண்டே கத்தினேன்.

எங்களோடு வந்த வின்சன்ற் அண்ணைதான் என் தோளைப் பிடித்து, "குழறாதையுங்கோ. கொஞ்சம் பேசாமல் நில்லுங்கோ" என்றார். நின்றேன். அவ்வளவு சனம் போகிறது, ஒருவரும் கதைக்கவில்லை. கால்கள் சேற்றில் இழுபடுகிற சத்தமும் மழைச் சத்தமும்தான். அதற்குள்ளே எங்கேயோ 'ங்' என்று ஒரு இரைச்சல் ஏறி இறங்கியது. பிறகு திரும்ப ஏறியது. அண்ணையின் முகம் மாறிவிட்டது. அவருடைய பெடல் சத்தம் அவருக்குத் தெரியாதா? சனத்தை விலக்கிக்கொண்டு ஓடினோம். றோட்டுக் கரையில் யாரோ இறக்கி வைத்த சாக்குமூட்டைக்கு மேல், கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். ஒரு கையால் நெஞ்சிலிருந்த காதுப் பெட்டியைப் பொத்தியிருந்தாள். அரிதட்டு இல்லாமல் அது வெறும் பெட்டி. அது அவளுக்கும் தெரியும்.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது குடும்பத்தோடு இருக்கிறோம். ஆவணியில் நீங்கள் எழுதின கடிதத்தைச் சோமசேகரம் மாஸ்ரர் நேற்றுத்தான் தேடி வந்து தந்தார். கனகலிங்கத்தாரின் றேடியோவும் அலுமாரியும் நல்லூரில். அங்கே யாரும் திரும்பிப் போக முடியாது. மாசியில் பிள்ளைக்கு ஏழு வயது முடிகிறது. காகம் என்ற சொல் இந்தக் கிழமை போய்விட்டது. தண்ணியும் போய்விட்டது. மிச்சம் 'அம்மா'வும் 'அப்பா'வும்தான். கோபம் ஆறினால் எழுதுகிறேன் என்றேன், ஆறிவிட்டது. அதை வைத்துக்கொண்டு இனி நான் என்ன செய்ய?

இரைச்சலைப் போக்குகிற வழியை இனி எழுத வேண்டாம். பக்கத்துப் பாய்க்காரர் பிள்ளையின் வாயைப் பொத்தச் சொல்கிறார்கள், நான் பொத்தவில்லை. அவள் இரையட்டும். நாளைக்கு இங்கேயிருந்தும் கிளம்பச் சொன்னால், கூட்டத்துக்குள் பிள்ளையைக் கண்டுபிடிக்க எனக்கு வேறு வழியில்லை.

பத்மாசினி